காத்தான்குடி அத்தர்க் கடையும் மூன்று புகைமண எண்ணெய்களும்

சாம்பிராணி மணத்தை உடலில் பூசிக்கொள்ள வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக இருந்தது. வெள்ளிக்கிழமை அந்தியில் அம்மா தணலில் தூவும் சாம்பிராணி, புளியந்தீவு மரியாள் பேராலயத்தில் தூபக்கலசத்திலிருந்து எழும் புகை, காத்தான்குடி நண்பர்களின் வீட்டு விசேடங்களில் கரிச்சட்டியில் புகையும் ஊது ஆகிய மூன்றையும் முகர்ந்தே மட்டக்களப்பில் வளர்ந்தவன் நான். ஆண்களுக்கென்று விற்கப்படும் சென்ட் போத்தல்களில் பெரும்பாலானவை எலுமிச்சையும் சவர்க்காரமும் கலந்த ஒரே மணத்தையே திரும்பத் திரும்பத் தருவதால், கடந்த ஆனி மாதம் காத்தான்குடிப் பிரதான வீதியிலுள்ள சிறிய அத்தர்க் கடையொன்றில் குந்திரிக்க எண்ணெய், சாம்பிராணி எண்ணெய், ஊதுக் கலவை ஆகிய மூன்றையும் வாங்கி, கச்சான் வீசிய மூன்று மாதங்களும் மாறிமாறிப் பூசிப் பார்த்தேன்.

கடைக்காரர் விற்கும் முறையை முதலில் சொல்ல வேண்டும். கண்ணாடிக் குச்சியின் நுனியால் புறங்கையில் ஒரு பொட்டு வைத்து, அதைத் தேய்க்க வேண்டாம் என்று சொல்லி, வீதியில் சிறிது நேரம் நடந்துவிட்டு வருமாறு அனுப்பிவிடுவார். வாங்கும்படி வற்புறுத்துவதில்லை. ஊதுப் போத்தலைக் காட்டி, "காக்கா, இது அசல்தானா?" என்று கேட்டபோது அவர் சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்தது. "தம்பி, இந்த விலைக்கு அசல் ஊது ஒரு சொட்டும் வராது. இது கலவைதான். மணம் புடிச்சா எடுங்க."

அவர் சொன்னது உண்மை. ஊது என்பது அகில் மரத்தின் பிசின் ஊறிய கட்டை. அகில் மரம் காயம்பட்டு, அந்தக் காயத்தில் பூஞ்சை பற்றிய பிறகே தன்னைக் காத்துக்கொள்ள அந்தக் கரிய பிசினைச் சுரக்கிறது. காயப்படாத மரத்தின் கட்டையில் அந்த மணம் இல்லை. வெட்டி அழிக்கப்பட்டு வந்ததால், அகில் இனங்கள் அனைத்தையும் 2004ஆம் ஆண்டில் அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கைக்குள் கொண்டுவந்தார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அவ்வப்போது பிடிபடும் வல்லப்பட்டையும் அகிலின் நெருங்கிய உறவுதான்.

குந்திரிக்க எண்ணெய்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. 3 மில்லிலீற்றர் 850 ரூபா கொடுத்து வாங்கி, வீட்டில் ஆவலோடு பூசியபோது கோயிலும் வரவில்லை, தேவாலயமும் வரவில்லை. எலுமிச்சைத் தோலும் மிளகும் பைன் மரத்து ஈரமும் கலந்த, தெளிந்த, சற்றுக் குளிர்ந்த ஒரு மணமே எழுந்தது. ஏமாற்றிவிட்டார்களோ என்றுகூட நினைத்தேன். உண்மையில் நல்ல குந்திரிக்க எண்ணெய் அப்படித்தான் இருக்கும். ஓமானின் தோஃபார் மலைகளிலும் யேமனிலும் சோமாலியாவிலும் மரப்பட்டையைக் கீறி, ஊறி உறைந்த பிசினைச் சுரண்டி எடுத்து, நீராவியில் வடிக்கும்போது, பைனீன் போன்ற இலேசான பொருட்களே ஆவியோடு ஏறி எண்ணெயாகின்றன. பிசினின் கனமான அமிலங்கள் பாத்திரத்தின் அடியிலேயே தங்கிவிடுகின்றன. நாம் அறிந்த தூப மணமோ அந்தக் கனமான பகுதி நெருப்பில் கருகும்போது பிறப்பது. ஆகவே புகையின் மணம் வேண்டுமென்றால், அதை வேறு பிசின்களையும் கருகிய மரத்தின் வாசம் தரும் எண்ணெய்களையும் சேர்த்துக் கட்டியெழுப்ப வேண்டியிருக்கிறது.

அந்த வேலையில் கைதேர்ந்த ஒன்றை நான் முகர்ந்திருக்கிறேன். ஜப்பானிய ஆடை நிறுவனமான கொம் தே கார்சோன் 2002இல் தூப மணங்களுக்கென்றே வெளியிட்ட ஐந்து சென்ட்களில் ஒன்றான அவிஞோனை இலண்டனிலிருந்து மைத்துனர் கொண்டுவந்திருந்தார். கல்லால் கட்டிய குளிர்ந்த ஆலயத்தில் பூசை முடிந்து மெழுகுதிரிகளை அணைத்த பிறகு நிற்கும் புகை அப்படியே அதில் இருக்கிறது. அருமையான படைப்பு. ஆனால் அந்தக் குளிர் நம் வெயிலுக்கு அந்நியமாகப் பட்டது.

நம் வெயிலுக்கு நின்றது ஊதுக் கலவைதான். 1,200 ரூபாவுக்கு வாங்கிய அந்த 3 மில்லிலீற்றர், முதல் அரை மணித்தியாலம் தோலும் மருந்தும் போல முரட்டுத்தனமாக இருந்துவிட்டு, பிறகு மெல்ல இனித்து, அடுப்படித் தணலின் வெதுவெதுப்போடு ஏழு மணித்தியாலம் வரை என் தோலில் தங்கியது. சாரத்தில் பட்டது மறுநாளும் போகவில்லை. குந்திரிக்கம் இரண்டு மணித்தியாலத்தில் மறைந்துவிடுகிறது. கடைக்காரர் சொன்னபடி நெஞ்சில் சாம்பிராணி எண்ணெயைத் தொட்டு, அதன்மேல் குந்திரிக்கத்தை வைத்தபோது அது நான்கு மணித்தியாலம் வரை நின்றது. சாம்பிராணியின் வெனிலாச் சாயலுள்ள கனமான பிசின் மேலே உள்ளதைப் பிடித்து வைத்திருக்கும்.

குச்சி நுனியில் ஒரு பொட்டுக்கு மேல் வேண்டாம். குளித்து ஈரம் துவட்டிய உடனே, சேட்டுக்குள் நெஞ்சிலும் காதின் பின்புறத்திலும் வைப்பதே போதும். வியர்வையோடு சேர்ந்து மீதியை உடற்சூடு பார்த்துக்கொள்ளும். ஊதுக் கலவை வெள்ளைப் பருத்தித் துணியில் மஞ்சள் கறை விடுகிறது. காலை ஏழு மணிக் கல்முனை பஸ்ஸில் அதைப் பூசிக்கொண்டு ஏறியது என் தவறு. அருகிலிருந்த ஓர் அம்மா தலையிடி என்று சொல்லி இடம் மாறி இருந்தார். அதை மாலைக்கு வைத்துக்கொள்வதே முறை. வாவிக் காற்று வரும் கல்லடிப் பாலத்தில் நடக்கும்போது அந்த மணம் எட்டுவதும் விலகுவதுமாக இருந்தது மிகவும் இதமாக இருந்தது.

குறைகளையும் சொல்ல வேண்டும். முன்வரிசைப் போத்தல்கள் பிற்பகல் வெயிலில் நிற்கின்றன. அங்கிருந்து எடுத்த என் முதல் குந்திரிக்கப் போத்தல் தேர்ப்பன்டைன் மணம் அடித்ததோடு, பூசிய இடத்தில் கடியும் எடுத்தது. வெயிலும் காற்றும் பட்டுப் பழுதான குந்திரிக்க எண்ணெய் தோலுக்கு ஆகாது. கொண்டுபோய்க் காட்டியதும் மறுபேச்சின்றி மாற்றித் தந்தார்கள். மேலும், மணப்பொருளை எந்த எண்ணெயில் கலந்திருக்கிறார்கள் என்று எந்தப் போத்தலிலும் எழுதியிருக்கவில்லை. முன்பு வட இந்தியாவின் கன்னோஜ் நகர அத்தர்கள் சந்தன எண்ணெயில் இறக்கப்பட்டன. சந்தனத்தின் விலை ஏறியபின் பரபின் போன்றவை அந்த இடத்தைப் பிடித்துவிட்டன. கேட்டால் ஒளிக்காமல் பரபின் என்கிறார் கடைக்காரர். அதைச் சிட்டையில் எழுதி ஒட்டினால் வாங்குபவருக்கு நன்மையாக இருக்கும்.

ஊதுக் கலவையை இரண்டாம் முறையும் வாங்கிவிட்டேன். குந்திரிக்கம் வாங்குபவர்கள் உள் அலுமாரியிலுள்ள போத்தலைத்தான் தரும்படி கேளுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் கடை பூட்டியிருக்கும்.