திருவிழாவுக்கு முன் நாய் பிடிப்பதா, ஆண்டு முழுக்கக் கருத்தடையா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டங்கள் சூழ்ந்த ஊர்களில் ஆடித் திருவிழாவோ தீபாவளியோ நெருங்கினால் நகராண்மைக் கழகத்துக்கு இரண்டு வகைக் கடிதம் போகும். பந்தல் போடவும் சாலையை மூடவும் அனுமதியும், கொண்டாட்டத்துக்குப் பணமும் கேட்டு ஒன்று. கோயில் பக்கம் நாய்த் தொல்லை, ஆள் அனுப்பிப் பிடியுங்கள் என்று இன்னொன்று. இந்த இரண்டாவது கடிதத்தைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கொண்டாட்டப் பணத்தை டவுன் மண்டபத்தில் எல்லாரையும் அழைத்து விருந்து வைக்கும் ஒரே பெரிய திறந்த இல்ல உபசரிப்பாகச் செலவழிக்கலாம். இல்லையென்றால் தாமான் (குடியிருப்புப் பகுதி), கம்பம் (கிராமம்), தோட்டக் கோயில் என்று பிரித்துக் கொடுக்கலாம். பெரிய உபசரிப்புக்கு எல்லா இனத்தவரும் வருவார்கள், அது நல்லதுதான். ஆனால் தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டுப் பாட்டியால் பஸ் இல்லாமல் அங்கே வர முடியாது. பிரித்துக் கொடுப்பதே சரி என்பேன், ஒரு நிபந்தனையோடு: பணம் வாங்கும் குழு மூடி போட்ட குப்பைத் தொட்டிக்கும், அன்றிரவே குப்பை அள்ளும் லோரிக்கும் அதிலிருந்து ஒதுக்க வேண்டும்.

ஏன் என்றால், அன்னதானம் முடிந்த இரவில் கோயிலின் பின்புறம் போய்ப் பாருங்கள். கறுப்புப் பைகள் குவிந்து கிடக்கும், அடியில் சாம்பார் வழிந்து கால்வாய் வரை ஓடியிருக்கும். ஒரு நாய் பையைக் கிழித்து, வாழையிலையை வெளியே இழுத்து, ஒட்டிய சோற்றை நக்கிக்கொண்டிருக்கும். மடி தொங்கும் பெட்டை ஒன்று தள்ளி நின்று தன் முறைக்குக் காத்திருக்கும்.

பிடித்து அப்புறப்படுத்துவதில் பலன் உடனே தெரியும். காலையில் நாய் பிடிக்கும் லோரி வந்தால் மாலையில் தெரு அமைதி. கடிக்கிற நாய்க்கு வேறு வழியும் இல்லை. வெறிநாய் நோய் வந்தால் அரசாங்கமும் இதைத்தான் கையில் எடுக்கிறது. 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் நோய் தலைகாட்டியபோது, பினாங்கில் தெருநாய்களைக் கொல்ல முடிவெடுத்தார்கள், எதிர்ப்பும் பலமாகக் கிளம்பியது.

ஆனால் இடம் காலியானால் பக்கத்துத் தோட்டத்து நாய் வந்து உட்காரும். சோறுதான் அதே இடத்தில் கிடக்கிறதே! அதோடு, முதலில் சிக்குவது மனிதரை நம்பிக் கிட்டே வரும் நாய். ஆளைக் கண்டதும் ஓடும் பெட்டை செம்பனைக் காட்டுக்குள் புகுந்து அங்கேயே குட்டி போடும். சினைக்காலம் ஏறக்குறைய 63 நாள்தான், ஆண்டுக்கு இரண்டு ஈற்றுகூட வரும். ஆடியில் பிடித்த கணக்கு தைப்பூசத்துக்குள் ஈடாகிவிடலாம். ஒவ்வொரு திருவிழாவுக்கும் மறுபடி பணம், மறுபடி உயிர்கள்.

கருத்தடை மெதுவான வழி. பிடித்து, அறுவை செய்து, தடுப்பூசி போட்டு, காது நுனியில் அடையாளம் வெட்டி, எடுத்த இடத்திலேயே விட்டுத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். அந்த நாய் தன் எல்லைக்குள் புது நாயை எளிதில் விடாது, தானும் குட்டி போடாது. எனக்கு இதைவிட முக்கியம் ஊசி. வெறிநாய் நோய் பரவாமல் தடுக்க நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 2017 முதல் சரவாக்கில் இந்த நோயால் மனித உயிர்கள் போயிருக்கின்றன. ஊசி போட்ட நாயைக் கொன்று ஊசி போடாத நாய்க்கு இடம் விடுவது, நம் பிள்ளைகளுக்கு நாமே ஆபத்தைக் கூட்டுவது.

இதிலும் சிரமம் உண்டு. பெட்டைக்குக் கர்ப்பப்பையை எடுக்கும் அறுவை, தனியார் கிளினிக்கில் நூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போகும். பாதி நாய்க்குச் செய்து நிறுத்தினால் குட்டிகள் வந்துகொண்டே இருக்கும். மோட்டார் சைக்கிளைத் துரத்துவதும் நாளைக்கே நிற்காது. நாய் எச்சில் பட்டால் மார்க்க விதிப்படி ஏழு முறை கழுவ வேண்டிய மலாய் அண்டை வீட்டாரின் சங்கடத்தை நாம் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நாய்க்குச் சோறு வைக்கும் இடத்தை சூராவ் (சிறு தொழுகைக் கூடம்) வாசலிலிருந்தும் பள்ளிக்கூட வாசலிலிருந்தும் தள்ளிக் கொண்டுபோக வேண்டும்.

மூன்றாவது வழி நாய்க்கு லைசன்ஸும், மீறினால் கம்பவுண்டும் (அபராதம்). தோட்டம் விலைபோனபோது, லயத்திலிருந்து அடுக்குமாடிக்குப் போன குடும்பங்கள் பல, காவல் நாயை விட்டுவிட்டுத்தான் போயின. பூனைக்குட்டிகளை அட்டைப்பெட்டியில் போட்டுச் சந்தையில் விடுவதும் நம் கைதான். 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் வளர்ப்பவருக்குக் கடமை விதிக்கிறது. ஆனால் கம்பவுண்ட் மட்டும் எழுதினால் ஒளித்து வளர்ப்பார்கள். கருத்தடை செய்த நாய்க்கு லைசன்ஸ் கட்டணத்தைக் குறைத்தால் ஆட்கள் தாங்களாகவே வருவார்கள்.

ஆகவே கடிக்கிற, நோயுள்ள நாய்க்கு மட்டும் முதல் வழி, அதாவது பிடித்து அப்புறப்படுத்துவது. மற்றவைக்குக் கருத்தடை, அதுவும் ஒரு கோயில், ஒரு தாமான் என்று எடுத்து, பெட்டைகளில் தொடங்கி, அங்கே முடித்த பிறகு அடுத்த இடம்.

உள்ளாட்சித் தேர்தல் 1965-இல் நிறுத்தப்பட்ட பிறகு கவுன்சிலர்களை மாநில அரசுதான் நியமிக்கிறது. இருந்தாலும் 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி கழகத்தின் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்ததே, போய் உட்காரலாம். அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் போடுவதற்குள் கோயில் குழுவினர் பந்தல் கடிதத்தோடு இதையும் எழுதி அனுப்புங்கள்: எங்கள் பகுதியில் இத்தனை பெட்டை நாய்கள் இருக்கின்றன, பிடித்துக் கொடுக்க இத்தனை பேர் தயார், அறுவைச் செலவைக் கழகம் ஏற்குமா?