தெரிந்தவரா, பக்கத்தில் இருப்பவரா: போன் யாரை நம்புவது?

ஒரு போனிலிருந்து இன்னொரு போனுக்குப் படம் அனுப்புவது சின்ன வேலைதான். ஆனால் யாரிடமிருந்து வாங்கலாம், யாரைத் தடுக்கலாம் என்பதை அடியில் இருக்கும் மிடில்வேர்தான் (ஆப்புக்கும் போனுக்கும் நடுவில் வேலை செய்யும் மென்பொருள்) முடிவு செய்ய வேண்டும். அனுப்புபவர் எனக்குத் தெரிந்தவரா என்று பார்க்கலாம், இல்லை என் பக்கத்தில் இருக்கிறாரா என்று பார்க்கலாம். ஐபோன்களுக்குள் ஃபைல் அனுப்ப உதவும் ஆப்பிளின் ஏர்டிராப்பில் இரண்டும் இருப்பதால் அதையே எடுத்துக்கொள்கிறேன்.

'எல்லாரும் அனுப்பலாம்' என்று வைத்தால் பக்கத்தில் இருந்தாலே போதும். மீட்டிங் முடிந்ததும் எதிரே இருப்பவரிடம் நம்பர் கூடக் கேட்காமல் ஃபைலை வாங்கிக்கொள்ளலாம், அந்த வசதிக்கு ஈடே இல்லை. சிக்கல் என்னவென்றால் பக்கத்தில் யார் என்று தேடும் ப்ளூடூத் சுவரைத் தாண்டும், அடுத்த அறையில் இருப்பவரும் அதற்குப் பக்கத்து ஆள்தான். 2015இல் லண்டனில் ரயிலில் போன ஒரு பெண்ணின் போனுக்கு முகம் தெரியாத எவனோ ஆபாசப் படம் அனுப்பி, விஷயம் போலீஸ் வரை போனது. 2022 கடைசியில் ஆப்பிள் இந்த வழியைப் பத்து நிமிடத்தில் தானாக மூடும்படி மாற்றியது. முதலில் சீனாவில், அப்புறம் எல்லா நாடுகளிலும்.

'காண்டாக்ட்ஸ் மட்டும்' என்று வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் நேற்று வேலைக்குச் சேர்ந்த பக்கத்து சீட்காரர் பட்டியலில் இருக்க மாட்டார், பேச்சே நின்றுபோன பழைய ஹவுஸ் ஓனர் இருப்பார். இன்னொன்று, தெரிந்தவரா என்று சோதிக்க ஏர்டிராப் போன் நம்பரின் ஹாஷை, அதாவது நம்பரைக் கணக்குப் போட்டு உருமாற்றிய குறியீட்டை, அனுப்புகிறது. நம்பரில் இருப்பது சில இலக்கங்கள்தான் என்பதால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தே அசல் நம்பரை எடுத்துவிடலாம் என்று ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021இல் காட்டினார்கள். பாதுகாப்புக்காகச் செய்யும் சோதனையே நம்பரைக் கசியவிடுகிறது, இது எனக்குச் சின்ன விஷயமாகப் படவில்லை.

என் ஓட்டு 'பக்கத்தில் இருக்கிறாரா' என்பதற்குத்தான், ஆனால் அந்தத் தூரத்தைச் சரியாக அளக்க வேண்டும். 2019இல் ஐபோன் 11இல் வந்த யுடபிள்யுபி (அல்ட்ரா வைட்பேண்ட்) சிப், ரேடியோ அலை போய்வரும் நேரத்தை வைத்துத் தூரத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் சொல்லும். போனில் இருக்கும் வீடியோவை டிவியில் காட்டும் கூகுளின் குரோம்காஸ்ட் கருவியில் முன்பு இருந்த விருந்தினர் முறை, காதுக்குக் கேட்காத ஒலியில் பின் நம்பரை அனுப்பியது. அந்த ஒலி சுவரைத் தாண்டாது, அதனால் அதே அறையில் இருப்பவர்தான் டிவியோடு இணைய முடிந்தது. 2023இல் ஐஓஎஸ் 17 வந்தபின் இரண்டு போனையும் தலையோடு தலை நெருக்கிப் பிடித்தாலே பகிரலாம். அப்படிப் பிடிப்பதே சம்மதம் மாதிரி, எந்தப் பட்டியலாலும் அது முடியாது.

வீட்டுக் கதவு, கார் கதவு என்றால் வேறு கதை. பக்கத்தில் வந்தாலே காரைத் திறக்கும் சாவியின் சிக்னலை இடையில் வாங்கி நீட்டி அனுப்பி, தூரத்தில் இருக்கும் சாவியைப் பக்கத்தில் இருப்பதாக நம்பவைத்துக் கார்களைத் திருடுகிறார்கள். அங்கே முதலில் ஆள் யார் என்று உறுதியாக வேண்டும், தூரத்தை அளப்பது அதற்கு அப்புறம்தான்.