கடை மேசையில் ஓர் 'ஒப்பீடு': இம்பாக்ட் ரெஞ்ச் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

நட்டுகளை அடி அடியாகச் சுழற்றி முடுக்கவும் கழற்றவும் உதவும், பேட்டரியில் ஓடும் இம்பாக்ட் ரெஞ்ச் வாங்கக் கடைக்குப் போகிறீர்களா? கடைக்காரர் இரண்டு இயந்திரங்களை மேசைமேல் எடுத்து வைத்து, "நான் ஒன்றும் சொல்லவில்லை, நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள்" என்றால் அந்த நிமிடமே உஷாராகிவிடுங்கள். பெட்டிமேல் பொய் அச்சடிப்பது பழைய வித்தை. இப்போது கண்ணெதிரே சோதனை நடத்தியே ஏமாற்றுகிறார்கள்.

நாமக்கல்லில் பட்டறை வைத்திருக்கிறேன். லாரிச் சக்கரங்களுக்கு ஒரு அங்குல முனையுள்ள, காற்றழுத்தத்தில் ஓடும் ஏர் கன் இருக்கிறது, அதில் குறையில்லை. ஆனால் நடுவழியில் நின்றுபோன வண்டிக்குக் கம்ப்ரசரைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. டெம்போ, வேன், கார் சக்கரங்கள், சின்ன யு போல்ட்டுகள், இன்ஜின் மவுண்டிங் இவற்றுக்கெல்லாம் அரை அங்குல பேட்டரி இயந்திரம் ஒன்று கையோடு இருந்தால் முதுகு தப்பிக்கும். அதற்காகத்தான் கோவைக்குப் போனேன். கருவிக் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு, அதில் பெரிய கடை. பெயர் சொல்லப் போவதில்லை. விவகாரம் இப்போது நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது.

கடைக்குள் கனமான இரும்புப் பலகை ஒன்றில் துருப்பிடித்த போல்ட்டுகளை முடுக்கி வைத்திருந்தார்கள். முதலில் பெயர் பெற்ற கம்பெனியின் இயந்திரத்தை எடுத்து ஒரு நட்டில் வைத்தார் கடைக்காரர். சில விநாடிகள் அடித்தது, நட்டு கழலவில்லை. உடனே தன் இயந்திரத்தை அதே நட்டில் வைத்தார். சுவிட்சைத் தொட்டதும் சுழன்று வந்துவிட்டது. "பார்த்தீர்களா அண்ணா, அவர்கள் வாங்குவது பெயருக்கான காசு. உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான்" என்றார். பெட்டியில் 21 வோல்ட், 1200 நியூட்டன் மீட்டர் (சுழற்றும் பலத்தின் அலகு), பிரஷ்லெஸ் மோட்டார் (உரசும் பிரஷ் இல்லாதது) என்று அச்சடித்திருந்தது. பேட்டரிமேல் பெரிய எழுத்தில் 388 என்று ஓர் எண். விலை மற்றதில் பாதிகூட இல்லை. நம்பி வாங்கிவிட்டேன்.

என் உதவியாளர் இதையெல்லாம் கைபேசியில் படம் பிடித்திருந்தான். பின்னால் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தபோதுதான் சூதின் முழு உருவமும் தெரிந்தது.

பெயர் பெற்ற இயந்திரத்தின் அடியில் வேகத்தைக் காட்டும் மூன்று விளக்குகளில் ஒன்று மட்டுமே எரிகிறது. அதாவது மிருதுவான நிலையில் வைத்து அடித்திருக்கிறார். அதில் மாட்டியிருந்தது மெலிந்த சின்ன பேட்டரி. ஐந்து செல் மட்டுமே உள்ள பேட்டரி, சுமை ஏறியதும் வோல்ட் இறங்கி அடியின் பலத்தைக் குறைத்துவிடும். பத்து செல் உள்ள பேட்டரியை மாட்டினால் அதே இயந்திரம் வேறு மாதிரி அடிக்கும். அதோடு விட்டாரா? அதன் முனையில் ஒரு நீள எக்ஸ்டென்ஷன் ராடு, அதற்கும் மேல், நட்டைக் கவ்வ, பளபளவென்ற குரோம் சாக்கெட். ராடு முறுக்கிக்கொடுக்கும். சாக்கெட் லேசாக ஆடும். ஒவ்வொரு அடியிலும் ஒரு பங்கு அங்கேயே தீர்ந்துபோகும். அவருடைய இயந்திரத்திலோ கறுப்பு இம்பாக்ட் சாக்கெட்டை நேராக முனையிலேயே மாட்டியிருந்தார்.

எல்லாவற்றையும் மிஞ்சியது அவர் வைத்த வரிசை. துருப்பிடித்த நட்டு ஒரே அடியில் கழல்வதில்லை. அடி விழ விழத் துருவின் பிடி உடைகிறது. முதல் இயந்திரம் அடித்து முடித்தபோது நட்டின் ஒரு முனை நூலளவு நகர்ந்திருப்பது படத்தில் தெளிவாகத் தெரிகிறது. கடினமான வேலையை அது முடித்துவிட்டது, பேர் வாங்கியது அடுத்தது.

எண்களுக்கு வருகிறேன். இந்தத் தொழிலில் டார்க், அதாவது சுழற்றும் பலம், என்று இரண்டு வெவ்வேறு அளவுகளைச் சொல்கிறார்கள். ஒன்று முடுக்கும் பலம், மற்றொன்று முடுக்கியதைக் கழற்றும் பலம். இரண்டாவது எண் எப்போதும் பெரிதாக இருக்கும். மகிட்டா டிடிடபிள்யூ 1002 முடுக்க 1000, கழற்ற 1250 நியூட்டன் மீட்டர். பாஷ் ஜிடிஎஸ் 18வி-1000 முடுக்க அதே 1000, கழற்ற 1600. டிவால்ட் டிசிஎஃப் 899 முடுக்க 950, கழற்ற 1625. ஒன்றின் முடுக்கும் எண்ணையும் இன்னொன்றின் கழற்றும் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எதை வேண்டுமானாலும் ஜெயிக்கவைக்கலாம். அமெரிக்கக் கணக்கில் அடி-பவுண்டு என்று வேறு போடுவார்கள். ஓர் அடி-பவுண்டு ஏறக்குறைய 1.36 நியூட்டன் மீட்டர். நான் வாங்கிய பெட்டியில் 1200 என்றிருந்ததே, அது எந்த அளவு என்று ஒரு சொல்கூட இல்லை.

21 வோல்ட் என்பதும் அப்படித்தான். லித்தியம் செல் ஒன்றின் சராசரி 3.6 வோல்ட். ஐந்தை வரிசையாகக் கோத்தால் 18. முழுச் சார்ஜில் செல்லுக்கு 4.2 என்று கணக்குப் போட்டால் அதே ஐந்து செல் 21 ஆகிவிடும். ஆக, 18 என்று எழுதுகிறவரிடமும், 20 என்று எழுதுகிறவரிடமும், 21 என்று எழுதுகிறவரிடமும் இருப்பது அதே ஐந்து செல் வரிசைதான். பேட்டரிமேல் 98, 128, 388 என்று போடும் எண்களுக்கோ எந்த அலகும் கிடையாது. எண் பெரிதானால் சரக்கு பெரிது என்று நாம் நினைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவே.

வாங்கி வந்த புதிதில் கார் சக்கரங்களைக் கழற்றியது. சின்னக் காரின் நட்டு 100 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் இருக்கும், அதைக் கழற்றாத இயந்திரம் எதற்கு? பரமத்தி வேலூர் தாண்டி நெடுஞ்சாலையில் ஒரு சரக்கு வண்டி நின்றுபோய்க் கூப்பிட்டார்கள். இயந்திரம் நாலு அடி அடித்து நின்றது. பேட்டரியில் மூன்று விளக்கும் எரிகின்றன, முனை சுழலவில்லை. கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி நாலு அடி. பேட்டரியைக் கழற்றினால் கையில் பிடிக்க முடியாத சூடு. கடைசியில் ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் செருகி, ஓட்டுநரும் என் உதவியாளரும் ஏறி மிதித்துத்தான் நட்டுகள் வந்தன.

பேட்டரியைத் தராசில் வைத்தேன். வழக்கமான 18650 செல் ஒன்று 45 கிராம் சுமார் இருக்கும். பத்து செல் என்றால் அவை மட்டுமே 450 கிராம். கூடும் தகடும் சேர்ந்தால் நல்ல 5 ஆம்பியர் மணி (பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி 600 கிராமைத் தாண்டும். என்னிடம் இருந்தது 400கூட இல்லை. பேட்டரி ரிப்பேர் செய்யும் நண்பர் ஒருவர் அதைப் பிரித்தார். (நீங்கள் பிரிக்காதீர்கள். செல் குத்துப்பட்டால் தீப்பிடிக்கும்.) பத்து செல்லுக்கான கூட்டில் ஐந்து செல்தான் இருந்தது. மீதி ஐந்து குழிகளில் பிளாஸ்டிக் உருளைகள். செல்களின் மேல் புத்தம்புது நீல உறை. அதைக் கீறியதும் உள்ளே பழைய பச்சை உறையின் கிழிசல். முனைகளில் நிக்கல் பட்டையைப் பற்றவைத்துப் பிய்த்த புள்ளிகள், அவற்றின் மேலேயே இரண்டாம் முறை பற்றவைத்த புள்ளிகள். வேறெதிலோ உழைத்து ஓய்ந்த செல்களைக் கழற்றி உடுப்பு மாற்றியிருக்கிறார்கள். உறையில் 6 ஆம்பியர் மணி என்றிருந்த பேட்டரி, அளந்து பார்த்தபோது ஒன்றரைகூடத் தேறவில்லை.

மோட்டாரின் கதை சுருக்கமானது. காற்றுத் துளை வழியாகப் பார்த்தாலே நீலப் பொறி பறந்தது. அது பிரஷ் உரசும் பொறி. பிரஷ்லெஸ் மோட்டாரில் அதற்கு இடமே இல்லை.

கடைக்குப் போனேன். படம் பிடித்த உதவியாளரையும் கூட்டிக்கொண்டுதான். முதலில், "அண்ணா, லாரிக்காரர்கள் முரட்டுத்தனமாகப் பயன்படுத்துவீர்கள்" என்றார். அடுத்து, பேட்டரிக்கு உத்தரவாதம் கிடையாது என்றார். பிறகு, பிரித்துவிட்டதால் இயந்திரத்துக்கும் கிடையாது என்றார். பில்லைக் காட்டச் சொன்னார். அவர் எனக்குக் கொடுத்தது பில் அல்ல, 'மதிப்பீடு' என்று தலைப்பிட்ட சீட்டு. வாங்கும்போது நான் பில் கேட்டதற்கு, "18 சதவீதம் கூடும், உங்களுக்கு எதற்கு வீண் செலவு" என்று அவரேதான் அக்கறையாகச் சொன்னார். அந்த அக்கறையின் பொருள் உத்தரவாதம் கேட்டுப் போன நாளில்தான் விளங்கும். சீட்டில் கடைப் பெயர் இல்லை, இயந்திரத்தின் வரிசை எண் இல்லை. ஆனால் பணத்தை யுபிஐ வழியாக அனுப்பியிருந்தேன். கடையின் பெயரும் தொகையும் தேதியும் அதில் இருக்கின்றன. சோதனையின் படம் இருக்கிறது. இவற்றை வைத்துத்தான் நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன், பிறகு ஈ-ஜாக்ரிதி தளம் வழியாக மாவட்ட ஆணையத்தில் மனு போட்டேன். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

அங்கே கடைக்காரர் தரப்பு எழுப்பிய வாதம் எல்லா மெக்கானிக்குகளுக்கும் தெரிந்திருக்க வேண்டியது. "தொழிலுக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல" என்றார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு விலக்கு இருப்பது உண்மை. ஆனால் அதே பிரிவின் விளக்கத்தில், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தியது வணிக நோக்கம் ஆகாது என்றும் இருக்கிறது. தானே ஸ்பேனர் பிடிக்கும் சிறு பட்டறைக்காரர் இந்த வரியைச் சொல்லி வாதாட இடமுண்டு.

இனி வாங்குகிறவர்கள் செய்ய வேண்டியது ஒன்றிருக்கிறது. சோதனையைக் கடைக்காரர் கையில் விடாதீர்கள். உங்கள் பட்டறைச் சாக்கெட்டை எடுத்துப் போங்கள். இரண்டு இயந்திரத்திலும் அதையே நேராக மாட்டுங்கள், இரண்டையும் முழு வேகத்தில் வையுங்கள். இரண்டு பேட்டரியும் முழுச் சார்ஜில் இருக்கிறதா, ஒரே அளவுள்ளவையா என்று பாருங்கள். ஒரே நட்டில் இரண்டையும் வைக்க விடாதீர்கள். முடுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் ஒரே அளவுக்கு முடுக்கிய இரண்டு நட்டு வேண்டும், மலிவான இயந்திரம் முதலில் அடிக்கட்டும். இதற்குச் சம்மதிக்காத கடையில் எனக்கு வேலையில்லை. பேட்டரியைத் தனியாக நிறுத்துப் பாருங்கள். அதன்மேல் ஐஎஸ் 16046 என்ற எண்ணும், 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். பதிவு எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும். என் பேட்டரியில் இரண்டுமே இல்லை.

மலிவு என்பதாலேயே எல்லாம் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. கார் சக்கரம் மட்டும் கழற்றுகிறவருக்கு 300 நியூட்டன் மீட்டர் அளவுள்ள நேர்மையான சின்ன இயந்திரமே தாராளம். பத்து ஸ்டட் (சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட்) உள்ள லாரிச் சக்கரத்துக்கு 600 அளவில் முடுக்குவார்கள், அங்கே அரை அங்குல முனையை நம்பித் தினசரி வேலை செய்யக் கூடாது, முக்கால் அல்லது ஒரு அங்குலம்தான். எதில் முடுக்கினாலும் கடைசிச் சுற்று டார்க் ரெஞ்சில் இருக்கட்டும். இம்பாக்ட் ரெஞ்சின் வேகத்தில் ஸ்டட் இழுபட்டுப்போனது தெரியாமலே வண்டியை அனுப்பிவிடுவோம்.

388 என்று போட்ட பேட்டரி உங்களிடமும் இருந்தால், இரவில் பட்டறையைப் பூட்டிவிட்டுச் சார்ஜில் போட்டு வைக்காதீர்கள். பெட்டி, சீட்டு, பணம் அனுப்பிய விவரம் மூன்றையும் படம் எடுத்து வையுங்கள். என் மனுவுக்குக் கடைக்காரர் எழுத்து மூலம் பதில் தர அவகாசம் கேட்டு வாங்கியிருக்கிறார். தீர்ப்பு வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.