தனியாகப் பறப்பவருக்கு யார் தடை போடுவது?

வெள்ளிக்கிழமை மாலை. வாரயிறுதிக்குப் போய்ச் சேர வேண்டிய இடம் இருக்கிறது. உடன் வருகிறவர்கள் தாமதம். சிறு விமானம் ஓட்டும் எவருக்கும் பழகிய நிலை இது. 1999 ஜூலை 16 அன்று நியூ ஜெர்சியின் எஸ்ஸெக்ஸ் கவுண்டி விமான நிலையத்தில், முன்னாள் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஜான் எஃப். கென்னடி ஜூனியர் இருந்ததும் இந்த நிலையில்தான். ஐந்தரை, ஆறு மணிக்குள் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தவர் கிளம்பும்போது இரவு மணி 8.38. மனைவியும் அவருடைய அக்காவும் உடன் இருந்தார்கள். ஒரு மணி நேரத்துக்குச் சற்றுப் பிறகு, மார்த்தாஸ் வினியார்டு தீவை நெருங்கும்போது விமானம் கடலில் விழுந்தது, மூவரும் இறந்தார்கள். நிலவரம் இதுதான்: இருட்டு, காற்றில் மங்கல், கீழே வெறும் நீர். எது மேல், எது கீழ் என்ற உணர்வு குழம்பிக் கட்டுப்பாட்டை இழந்தார் என்று விசாரணை முடிவு சொன்னது.

பெரிய பயணி விமானத்தில் இரண்டாவது விமானி இருப்பார், தரையில் பயணத் திட்டத்தைக் கண்காணிப்பவர் இருப்பார். தனியாகப் பறப்பவருக்கு வழக்காடுபவரும் தீர்ப்புச் சொல்பவரும் ஒரே மண்டைக்குள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே தமக்குத் தாமே வேலி போட்டுக்கொள்ளப் பல முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. அந்த வெள்ளிக்கிழமை இரவை உரைகல்லாக வைத்து அவற்றை உரசிப் பார்க்கலாம்.

முதலில் சட்டம். கண்ணால் பார்த்துப் பறக்க, அமெரிக்க வான்வெளியின் பெரும்பகுதியில் மூன்று மைல் பார்வைத்தூரம் போதும். அன்றைய வானிலை அறிக்கைகள் அதைவிட அதிகம் காட்டின. சட்டம் அவரைத் தடுத்திருக்காது, தடுக்கவும் இல்லை.

அடுத்தது, பயிற்சியின் தொடக்கத்திலேயே மனப்பாடம் செய்யவைக்கும் சுயசோதனை. நோய், மருந்து, மன அழுத்தம், மது, களைப்பு, உணர்ச்சி ஆகிய ஆறின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து 'ஐயம் சேஃப்' என்பார்கள். தமிழ்க் காதில் அது 'ஐயம்' என்று விழுவது பொருத்தம்தான். களைத்திருக்கிறாயா என்று களைத்தவனிடமே கேட்கிறது இந்தச் சோதனை. கென்னடிக்குக் கணுக்கால் முறிந்து, கட்டுப் பிரித்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. 'நடக்க முடிகிறது, அப்புறம் என்ன' என்று அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் அதில் வியப்பில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

ஆபத்துக்குப் புள்ளி போடும் மதிப்பெண் தாள் இதைவிட ஒரு படி மேல். இரவுப் பயணமா, இத்தனை புள்ளி. பக்கக் காற்றா, இத்தனை. தூக்கம் குறைவா, இன்னும் கொஞ்சம். கூட்டுத்தொகை ஒரு எண்ணைத் தாண்டினால் பயணம் இல்லை. தனித்தனியே அற்பமாகத் தெரியும் தாமதம், இருட்டு, மங்கல், கடல், வலிக்கும் கால் எல்லாம் ஒரே தாளில் சேர்ந்து நிற்கும்போது கண்ணை உறுத்தும். இது அதன் உண்மையான பலம். ஆனால் பென்சில் இருப்பதும் அதே கையில்தான். கூட்டுத்தொகை ஒரு புள்ளி மிஞ்சிய ஒரு காலையில், பக்கக் காற்றுக்குப் போட்ட இரண்டை அழித்து ஒன்று போட்டவன் நான்.

எனக்கு அதிக நம்பிக்கை இருப்பது நான்காவது முறையில்: வீட்டில், எந்தப் பயணமும் எதிரில் இல்லாத ஒரு நாளில், தனக்கான எல்லைகளை எழுதி வைப்பது. பகலில் அரை மணி, இரவில் முக்கால் மணிக்கான எரிபொருள் மிச்சம் இருந்தால் சட்டத்துக்குப் போதும்; என் அட்டையில் எப்போதும் ஒரு மணி. இதில் சொல் முக்கியம். 'மங்கலாக இருந்தால் போகமாட்டேன்' என்பது எல்லை ஆகாது. எது மங்கல் என்று வாதாடலாம். 'பயிற்றுநர் இல்லாமல் இரவில் கடல்மேல் போகமாட்டேன்' என்பதில் வாதாட ஒன்றுமில்லை, சூரியன் மறைந்ததும் வழக்கு முடிந்தது. கென்னடியின் கணக்கைப் பாருங்கள்: மொத்தம் சுமார் 310 மணி நேர அனுபவம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த விமானத்தில் பயிற்றுநர் இல்லாமல் பறந்தது ஏறத்தாழ 3 மணி நேரம், அதிலும் இரவில் 48 நிமிடம். இந்த எண்களை ஓர் ஓய்வான ஞாயிற்றுக்கிழமை எழுதிப் பார்க்கிற யாரும் அந்த எல்லைக்குத்தான் வந்து சேர்வார்கள். எல்லையை எந்த நேரமும் இறுக்கலாம். தளர்த்துவது மட்டும் பறக்கும் நாளில் கூடாது.

இந்த முறைக்கும் ஓட்டை உண்டு. தரையில் அது கோட்டை. மேலே போனபின் வானம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும்போது, எந்த நிமிடத்தில் எல்லையைத் தாண்டினோம் என்பது தெரியாது. 1954இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பழகாத 20 பேரை, வெளியே பார்க்க முடியாத நிலையில் ஓட்டவைத்தார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு ஆன சராசரி நேரம் 178 விநாடி. மூன்று நிமிடம்கூட இல்லை. மேகத்துக்குள் போனபின் யோசிக்கலாம் என்பவருக்குக் கிடைக்கும் அவகாசம் இதுதான். அதனால் திரும்பும் இடத்தையும் எழுதி வைக்க வேண்டும்: இன்ன ஊரைத் தாண்டும்போது அடுத்த ஊர் தெரியாவிட்டால் திரும்பு என்று.

இயந்திர உதவிகளை இந்த வரிசையில் கடைசியில்தான் வைப்பேன். சிர்ரஸ் நிறுவனத்தின் சிறு விமானத்தில் முழு விமானத்தையும் தாங்கி இறக்கும் பாராசூட் இருக்கிறது. விமானி செயலிழந்தால் பொத்தானை அமுக்கியதும் தானே தரையிறக்கும் கார்மின் நிறுவனத்தின் அமைப்பு 2020இல் அங்கீகாரம் பெற்றது. உயிர் காப்பவை, சந்தேகமில்லை. ஆனால் தவறான முடிவு எடுத்து முடித்த பிறகு வரும் உதவி அது. கீழே வலை இருக்கிறது என்ற துணிச்சலில் கயிற்றின்மேல் ஏறுகிறவர்களும் உண்டு. கென்னடியின் விமானத்திலும் தானியங்கி விமானி இருந்தது.

மிஞ்சுவது இன்னொரு மனிதர். ஒப்பிட்டவற்றில் அதே மண்டைக்குள் குடியிராத ஒரே வேலி இதுதான். அன்று ஒரு பயிற்றுநர் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார். தனியாகவே போக விரும்புவதாகக் கென்னடி பதில் சொன்னது விசாரணை அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. ஆள் இருந்தால் மட்டும் போதவில்லை. மறுக்கும் உரிமையை அவருக்கு முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும். எனவே என் தேர்வு ஒன்றல்ல, இரண்டு: எழுதிய எல்லை, அதைக் கையில் வைத்திருக்கும் இன்னொருவர். அவருக்கு விமானம் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. எண்களைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

என் அட்டையின் பிரதி ஒன்று மனைவியின் கைப்பையில் இருக்கிறது. சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, மேகத்தின் அடித்தளம் அட்டையில் எழுதியதைவிட 200 அடி தாழ்வாக இருந்தது. "இருநூறு அடிதானே" என்றேன். அவர் அட்டையை எடுக்கவே இல்லை. கார் சாவியை எடுத்தார்.