கேம்பர் வேனுக்கு லித்தியம் பேட்டரி போடப் போறீங்களா? 1,84,000 ரூபாய் போன கதையை முதலில் படிங்க

புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை. வேன் பாடி கட்டும் பட்டறையை ஒட்டி "கேம்பர் வேன் சோலார் செட்டப்" என்று போர்டு மாட்டியிருக்கும் வகைக் கடை. டெம்போ டிராவலர் ஒன்றுக்கு முழு வேலையும் அவர்களே செய்தார்கள். 12.8 வோல்ட் 200 ஏஎச் (ஆம்பியர்-அவர், அதாவது கொள்ளளவு) எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) பேட்டரி 78,000, 200 வாட் பேனல் இரண்டு 22,000, 40 ஆம்பியர் எம்பிபிடி (பேனலிலிருந்து பேட்டரிக்கு ஏற்றும் சார்ஜ் கன்ட்ரோலர்) 14,000, 2000 வாட் ப்யூர் சைன் இன்வெர்ட்டர் 32,000, கேபிளும் கூலியும் 38,000. ஆக மொத்தம் 1,84,000 ரூபாய், முழுவதும் கொடுத்தாயிற்று. வண்டி வெளியே வந்து இன்னும் இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

நம்பிய இடத்தைச் சொல்லிவிடுகிறேன், பலரும் அங்கேதான் மாட்டுவார்கள். கடைக்காரர் மல்டிமீட்டரை பேட்டரியில் வைத்து, "13.3 வோல்ட், ஃபுல்லா இருக்கு பாருங்க சார்" என்றார். அடுத்து 1000 வாட் கெட்டிலைப் போட்டு ஐந்து நிமிடத்தில் தண்ணீர் கொதிக்க வைத்துக் காட்டி, அதிலேயே டீயும் போட்டுக் கொடுத்தார். மீதிப் பணம் அந்த இடத்திலேயே கைமாறியது.

இரண்டுமே எதையும் நிரூபிக்காது. எல்எஃப்பி பேட்டரியின் வோல்டேஜ் கிட்டத்தட்ட நேர்கோடு. பாதி சார்ஜிலும் 13 வோல்ட்டுக்கு மேல் காட்டும், 50 ஏஎச் பேட்டரியும் 200 ஏஎச் பேட்டரியும் மீட்டரில் ஒரே எண்தான். 1000 வாட் கெட்டில் இழுப்பது இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்து 87 ஆம்பியர். ஐந்து நிமிடத்துக்கு வெறும் 7 ஏஎச். கொள்ளளவு பாதிகூட இல்லாத பேட்டரியும் அந்த டீயைப் போட்டுவிடும்.

முதல் இரவு ஏற்காட்டில். 50 லிட்டர் ஃபிரிட்ஜ், இரண்டு ஃபேன், லைட் எல்லாம் சேர்ந்து விடிவதற்குள் 35 ஏஎச் போயிருக்கலாம். காலையில் 1200 வாட்டில் இண்டக்‌ஷன் அடுப்பைப் போட்டதும் மொத்தமும் அணைந்தது. இன்வெர்ட்டருக்குப் பின்னால் கை வைத்தால் சுடுகிறது. பாசிட்டிவ் லக் (கேபிள் முனையில் இருக்கும் உலோக வளையம்) ஓரத்தில் சிவப்பு இன்சுலேஷன் உப்பி, பழுப்பேறி, நகம் பட்டாலே உரிந்து வந்தது.

பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்குப் போட்டது 16 ஸ்கொயர் எம்எம் கேபிள், போக வர 6 மீட்டர். 100 ஆம்பியர் ஓடினால் 0.7 வோல்ட் கேபிளிலேயே போகும், அதாவது 70 வாட் சூடு கம்பியிலும் லக்கிலும் இறங்குகிறது. பேட்டரிப் பக்கம் ஃப்யூஸே கிடையாது! கேபிள் உரசி பாடியில் ஷார்ட் ஆகியிருந்தால் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு போர்டு கைவிட்டால் பல நூறு ஆம்பியர் தடையில்லாமல் பாய்ந்திருக்கும், உள்ளே ஆட்கள் தூங்கிக்கொண்டிருக்கும்போது. சோலார் லைனில் வீட்டுக்குப் போடும் ஏசி எம்சிபியை (சர்க்யூட் பிரேக்கர்) மாட்டியிருக்கிறார்கள். ஏசி கரண்ட் நொடிக்கு நூறு முறை பூஜ்ஜியத்தைத் தொடுவதால் தீப்பொறி அணையும். டிசியில் அது நடக்காது, பிரேக்கருக்குள்ளேயே நின்று எரியும்.

போன் செய்தால் முதல் நாள் "டெக்னீஷியன் லீவு சார்". இரண்டாம் நாள் "அடுப்பெல்லாம் போடக்கூடாது சார்". 2000 வாட் இன்வெர்ட்டரை விற்றதே அடுப்புக்கு என்றுதானே? மூன்றாம் நாள் "கம்பெனிக்கு அனுப்பணும், 45 நாள் ஆகும்". அதன்பிறகு வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும்தான். 1,84,000 ரூபாய் வாங்கிய கைக்கு ஒரு பதில் தட்ட முடியவில்லை.

பிறகு சோதித்தது இது. முழு சார்ஜ் ஏற்றி, 55 வாட் ஹெட்லைட் பல்பு நான்கை இணைத்து, ஷன்ட் மீட்டர் (எத்தனை ஏஎச் ஓடியது என்று எண்ணுவது) வைத்து ஓடவிட்டால் இழுப்பு சுமார் 19 ஆம்பியர். நிஜமான 200 ஏஎச் என்றால் பத்து மணி நேரம் தாண்டும். இது ஐந்து மணி நேரத்தில் செத்தது, மீட்டரில் 96 ஏஎச். எடை 12.5 கிலோ. நல்ல 200 ஏஎச் எல்எஃப்பி 20 கிலோவுக்குக் குறைவாக இருப்பது அபூர்வம். திறந்தால் 6 ஏஎச் உருளை செல் 72, அதாவது 18 பேரலல், 4 சீரிஸ். புதிதாக இருந்தாலே 18 x 6 = 108 ஏஎச்தான் வரும். வெளி ஸ்டிக்கரில் பிஎம்எஸ் (அளவுக்கு மேல் இழுத்தால் துண்டிக்கும் பாதுகாப்பு போர்டு) 200 ஆம்பியர், உள்ளே போர்டில் அச்சடித்திருப்பது 100. கெட்டில் இழுப்பது 87, அடுப்பு இழுப்பது 100-க்கு மேல்; கெட்டில் ஓடி அடுப்பு ஓடாததற்குக் காரணம் இதுதான். இதைப் படம் எடுத்து அனுப்பியதற்கு மட்டும் உடனே பதில் வந்தது: "சீல் உடைச்சிட்டீங்க, வாரண்டி இல்ல."

எம்பிபிடியும் பொய். நடுப்பகலில் டிசி கிளாம்ப் மீட்டரை வைத்தால் பேனல் ஒயரில் 18 ஆம்பியர், பேட்டரி ஒயரிலும் அதே 18. நிஜ எம்பிபிடி பேனலின் 20 வோல்ட்டை இறக்கி பேட்டரிக்கு 26 ஆம்பியர் வரை தரவேண்டும். இது ஸ்டிக்கர் ஒட்டிய பிடபிள்யூஎம், அதாவது பேனல் கரண்ட்டை அப்படியே பேட்டரிக்கு விடும் சாதாரண கன்ட்ரோலர்.

எப்படிச் சரியாக மாட்டுவது என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது கை ஓடவில்லை. இதையாவது பிடித்துக்கொள்ளுங்கள். தராசில் வைக்காமல் பேட்டரி வாங்காதீர்கள். பல்பு டெஸ்ட் முடியும்வரை பாதிப் பணத்தைப் பிடித்து வையுங்கள். 2000 வாட் இன்வெர்ட்டருக்கு 70 ஸ்கொயர் எம்எம் கேபிள், பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் கிளாஸ் டி (Class T) ஃப்யூஸ். ஆல்டர்னேட்டரிலிருந்து ரிலே வழியாக நேரே இழுக்கவே வேண்டாம், லித்தியம் விடாமல் இழுத்து ஆல்டர்னேட்டரைக் கருக்கிவிடும், இழுப்பைக் கட்டுப்படுத்தும் 30 ஆம்பியர் டிசி டு டிசி சார்ஜர் போடுங்கள். "எஸ்டிமேட்" தாளை வாங்கிக்கொண்டு வராதீர்கள், செல் வகையும் ஏஎச்சும் எழுதிய ஜிஎஸ்டி பில் வேண்டும்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போடவேண்டும். வாட்ஸ்அப் சாட்டை அழித்துவிடாதீர்கள்.