அம்பர் மாலை கட்ட எது தேறும்: இயற்கை மணியா, அழுத்திய மணியா, கோபலா?

வெள்ளிக் கம்பியும் மெழுகு நூலும் வைத்து வீட்டிலேயே மாலை, தோடு செய்து விற்பவள் நான். அம்பர், அதாவது மண்ணுக்குள் கிடந்து இறுகிய பழங்கால மரப்பிசின், கேட்டு ஆட்கள் வர ஆரம்பித்ததும் எந்த அம்பரை வாங்கி வைப்பது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. மூன்று வழி இருக்கிறது. பால்டிக் கடலோர நாடுகளிலிருந்து வரும் இயற்கை அம்பர் ஒன்று. அதன் சில்லுகளையும் தூளையும் சூடேற்றி அழுத்திக் கட்டியாக்கிய அம்பர் இன்னொன்று. அப்புறம் ‘இளம் அம்பர்’ என்ற பெயரில் மலிவாகக் கிடைக்கும் கோபல் பிசின். நான் எடுத்தது முதலாவது, அதிலும் சிறிய மணி. பிளாஸ்டிக்கை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. அதை அம்பர் என்று விற்பது வெறும் ஏமாற்று.

மதுரையில் தெற்கு ஆவணி மூல வீதி நெடுக நகைக்கடைதான். ஆனால் அம்பர் நவரத்தினத்தில் சேராதது. ராசிக்கல் கேட்டால் தட்டு தட்டாக எடுத்துப் போடுகிறவர்கள், அம்பர் என்றதும் “ஜெய்ப்பூரிலிருந்து வரவழைத்துத் தரலாம்” என்பார்கள். மீதி எல்லாம் இணையத்தில்தான். இரண்டு இடத்திலும் நம் கண்ணையும் கையையும் நம்பித்தான் வாங்க வேண்டும்.

எது என்ன என்று சுருக்கமாக. அம்பர் கல்லே இல்லை, மரம் வடித்த பிசின் மண்ணுக்குள் கிடந்து இறுகியது. பால்டிக் அம்பருக்கு வயது 4 கோடி ஆண்டுக்கு மேல். ரஷ்யாவின் கலினின்கிராட் பகுதியில் யந்தார்னி என்ற ஊரில் பெரிய சுரங்கமே இருக்கிறது. போலந்தும் லித்துவேனியாவும் அதைப் பட்டை தீட்டி விற்பதில் பெயர் பெற்றவை. அழுத்திய அம்பரும் அதே பொருள்தான், உருவம் மட்டும் ஆலையில் வந்தது. கோபல் அப்படியில்லை. கொலம்பியாவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் வருகிற கோபலில் பல சில நூறு ஆண்டு வயதே ஆனவை. இன்னும் முழுதாக இறுகாத பிசின். வேறுபாடு முழுக்க இந்த ‘இறுகாத’ என்பதில்தான் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பிளாஸ்டிக்கைக் கழிக்க வேண்டும். கடையிலேயே செய்யக்கூடியது எடை. 10 மில்லிமீட்டர் உருண்டை மணி 40 கோத்த சரம் இயற்கை அம்பரில் ஏறக்குறைய 22 கிராம் நிற்கும். அதே சரம் பேக்கலைட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கில் 26 கிராமைத் தாண்டும், கண்ணாடியில் 50-ஐத் தாண்டிவிடும். நகைக்கடைத் தராசில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் உப்புத் தண்ணீர். எல்லோரும் சொல்கிற சோதனைதான், ஆனால் பாதிப் பேர் தப்பாகச் செய்கிறார்கள். உப்பு இனிமேல் கரையாது என்கிற வரை போட்டுக் கலக்கினால் தண்ணீர் ரொம்பக் கனமாகிவிடும், அக்ரிலிக் மணிகூட மிதந்து தொலைக்கும். 200 மில்லி தண்ணீருக்கு 40 கிராம் உப்பு போதும். நன்றாகக் கரைத்துத் தெளியவிட்டு மணியைப் போடுங்கள். அம்பர் மேலே வரும். பேக்கலைட், பாலியெஸ்டர், அக்ரிலிக், கண்ணாடி எல்லாம் அடியில் உட்காரும். பிறகு நல்ல தண்ணீரில் அலசித் துடைத்துவிடுங்கள். வெள்ளியில் பதித்த கல்லுக்கு இது செல்லாது.

வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் நூல் அறுந்த தஸ்பீஹை (முஸ்லிம்களின் ஜெபமாலை) என்னிடம் கோக்கக் கொண்டுவருவது உண்டு. செர்ரிப் பழ நிறத்தில், கண்ணாடி போலத் தெளிவாக, 33 மணியும் அச்சில் வார்த்தது மாதிரி இருந்தால் அது அநேகமாகப் பழைய பேக்கலைட் வகைதான். அதற்கும் மதிப்பு வைத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது அம்பர் இல்லை.

உப்புத் தண்ணீரில் கோபலும் மிதக்கும், பாலிஸ்டைரீன் என்ற ஒரு பிளாஸ்டிக்கும் மிதக்கும். இந்த இரண்டையும் பிடிப்பது அசிட்டோன். நகப்பூச்சு நீக்கியில் ஒரு சொட்டு எடுத்துத் துளை ஓரத்தில் வைத்து அரை நிமிடம் விட்டு விரலால் தொட்டால், கோபல் பிசுபிசுக்கும், பாலிஸ்டைரீன் இளகும். அம்பர் சும்மா இருக்கும். புட்டியின் மேல் ‘அசிட்டோன் இல்லாதது’ என்று போட்டிருந்தால் அது இந்த வேலைக்கு ஆகாது, படித்துப் பார்த்து வாங்குங்கள்.

துணியில் தேய்த்துக் காகிதத் துண்டை இழுக்க வைக்கும் வித்தையை நம்பவே வேண்டாம். பல பிளாஸ்டிக்கும் இழுக்கும். சூடான ஊசி குத்தி முகர்வதையும் நான் விட்டுவிட்டேன். நாட்டு மருந்துக் கடைக் குங்கிலியத்தைப் பொசுக்கின மாதிரி மணம் வந்தால் அம்பர் என்பார்கள். கோபலும் அதே குடும்ப மணம்தான் வீசும், சொல்லப்போனால் இன்னும் தூக்கலாக. பிளாஸ்டிக் நாற்றத்தைக் கண்டுபிடிக்கலாம் என்பது சரி, ஆனால் அதற்காக விற்க வேண்டிய மணியில் கருந்தழும்பு எதற்கு?

நகை செய்கிறவருக்கு ஊசியைவிட நல்ல கருவி கையிலேயே இருக்கிறது: துளைப்பான். சரத்தில் ஒரு மணியின் துளை ஓரத்தைக் கைத்துளைப்பானால் மெதுவாகச் சுரண்டுங்கள். அம்பர் வெள்ளை மாவாக உதிரும், பிசின் மணம் லேசாக வரும். பிளாஸ்டிக் பெரும்பாலும் சுருள் சுருளாக வரும். கோபலில் முதல் சில சுற்று மாவு வரும், துளைப்பான் கொஞ்சம் சூடேறியதும் மாவு பசையாகி அதன் பள்ளங்களில் அப்பிக்கொள்ளும். பிறகு அதைச் சுரண்டி எடுப்பதே ஒரு வேலை. மெருகு போடும்போதும் இதே கதை. 400-ஆம் எண்ணில் தொடங்கி 2000-ஆம் எண் வரை தண்ணீர்த்தாள் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) போட்டுத் தேய்த்தால் அம்பர் படிப்படியாகப் பளபளக்கும். கோபலைச் சக்கரத்தில் கொஞ்சம் அழுத்திப் பிடித்தால் மேல்தோல் இளகி இழுபடும்.

அம்பரிலும் அவசரம் கூடாது. குறைந்த வேகம், துளைமேல் சொட்டுத் தண்ணீர், இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகத் துளைத்து நடுவில் சந்திக்க வைப்பது. ஒரே பக்கத்திலிருந்து குத்தி வெளியே எடுத்தால் மறுபக்கம் சில்லு பெயரும்.

ஆனால் நான் முடிவெடுத்தது பட்டறையில் நடப்பதை வைத்து அல்ல. விற்ற பிறகு அந்த மாலை மதுரையில் ஒரு கழுத்தில் எப்படி வாழும் என்பதை வைத்து. வியர்வை, தேங்காய் எண்ணெய், கல்யாண வீட்டுக்குக் கிளம்பும்போது அடித்துக்கொள்கிற சென்ட், கைப்பையில் இருக்கும் சானிடைசர், சித்திரை வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுப்போன நகைப்பெட்டி. இத்தனையும் தாங்க வேண்டும். கோபல் இதில் தோற்றுவிடுகிறது. ஜன்னலோரம் வைத்திருந்த ஒரு கோபல் பதக்கத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் தெரியும்: முகம் முழுக்க மயிரிழைக் கீறல் வலை, நகத்தால் தொட்டால் ஓரத்தில் செதில் பெயர்கிறது. சென்டில் இருக்கும் ஆல்கஹால் பட்ட இடம் மங்கித் தொட ஒட்டும். மேல்தோலைத் தேய்த்தெடுத்து மறுபடி மெருகு போடலாம், ஆனால் வெடிப்பு திரும்ப வரும். இதைக் காசு வாங்கிக்கொண்டு ஒருவர் கையில் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. சொந்தமாகப் போட்டுப் பார்க்க, துளைபோடப் பழக, கோபல் நல்லதுதான்.

பால்டிக் அம்பரும் இரும்பு இல்லை. ஏறக்குறைய நம் நகத்தின் கடினம்தான், கனிமங்களின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் 2 முதல் 2.5. வருடங்கள் போகப் போகக் காற்றுப் பட்டு நிறம் ஆழமாகும், தேன் நிறம் மெல்லச் சிவக்கும். சென்ட் அதற்கும் ஆகாது. ஆனால் நிதானமாகத்தான் மூப்படையும். மங்கினால் மென்துணியில் ஒரு சொட்டு எண்ணெய் வைத்துத் தேய்த்தாலே முகம் தெளியும். வாங்குகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: சென்ட் அடித்து, எண்ணெய் தடவி, தலை வாரி முடித்த பிறகு கடைசியாக மாலையைப் போடுங்கள்; கழற்றியதும் துடைத்துத் துணிப்பையில் வையுங்கள், பாலித்தீன் பையில் மற்ற நகையோடு போட்டு உரச விடாதீர்கள்.

பழைய நகையைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்வது நம் ஊர் வழக்கம். அம்பருக்கு அது கூடவே கூடாது; நீராவிக் கருவியும் அல்ட்ராசானிக் தொட்டியும் அப்படியே. ஆசாரியிடமும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அரக்கு உருக்கி ஊற்றி அதன்மேல் கல் பதிக்கிற பழைய முறையில் அம்பர் விரிசல் விடும், கோபலானால் இளகியே போகலாம். எனக்குப் பட்டி (கல்லைச் சுற்றிப் பிடிக்கும் வெள்ளித் தகடு) கட்டித் தரும் ஆசாரி அண்ணன் ஒருமுறை மணியைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டு, “இது நெருப்புக்கு ஆகாதும்மா, பற்றவைப்பு, புளித்தண்ணி எல்லாத்தையும் முடிச்சிட்டுக் கடைசில வெச்சுக்கலாம்” என்றார். அன்றிலிருந்து வெள்ளிப் பட்டி முழுதாக முடிந்த பிறகுதான் மணி அவர் கைக்குப் போகிறது.

அழுத்திய அம்பருக்கு வருவோம். உழைப்பில் அது கோபல் மாதிரி மோசமில்லை. துளை ஒழுங்காக விழும், நிறம் ஒரே சீராக இருக்கும், பெரிய அளவு சுலபமாகக் கிடைக்கும். அகலமான பதக்கமோ, ஒரே நிறத்தில் உருண்டை மாலையோ கேட்பவருக்கு, இன்னதுதான் என்று சொல்லி விற்றால் அதில் குற்றமே இல்லை. சிக்கல், சொல்லாமல் விற்பதில். க்தான்ஸ்க் நகரில் இருக்கும் சர்வதேச அம்பர் சங்கம் இயற்கை, பதப்படுத்தியது, அழுத்தியது, ஒட்டியது என்று தனித்தனியாகப் பிரித்தே வைத்திருக்கிறது. கடையில் இவை எல்லாம் ஒரே தட்டில் கிடக்கின்றன.

உப்பும் அசிட்டோனும் இங்கே உதவாது, ஏனென்றால் பொருள் ஒன்றுதான். பத்து மடங்கு லென்ஸில் பார்த்தால் பழைய முறையில் அழுத்தியதில் துண்டுக்குத் துண்டு செந்நிற எல்லைக்கோடு தெரியும், குமிழ்கள் ஒரே திசையில் நசுங்கி நீண்டிருக்கும். இப்போது வருகிற நல்ல தயாரிப்பில் அந்தக் கோடு தெரியாது. அதற்கு ஒரு வீட்டு வழி உண்டு. மடிக்கணினித் திரையை வெள்ளையாக வைத்து அதன்மேல் மணியைப் பிடியுங்கள். போலராய்டு குளிர்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே கண்ணாடியைத் திரை கருக்கிற வரை திருப்புங்கள். இயற்கை அம்பரில் அகலமான அலையாக வெளிச்சம் ஓடும். அழுத்தியதில் ஒட்டுத்துணிப் போர்வை போலக் கட்டம் கட்டமாக நிறம் மாறும். தெளிவான மணிக்குத்தான் இது செல்லும், பால்மஞ்சள் மணியில் ஒன்றும் தெரியாது. அந்த மாதிரி பெரிய துண்டுக்குப் பரிசோதனைக் கூடத்தில் அகச்சிவப்பு நிறமாலை எடுத்துச் சான்றிதழ் வாங்குவதே சரி. அதற்கான செலவு சின்ன மணிக்குக் கட்டாது.

சின்ன மணியை நான் விடாமல் சொல்வதற்கு விலையும் காரணம். அம்பரில் கிராம் விலை துண்டின் அளவோடு ஏறும். 1 கிராம் துண்டு பத்துக்குக் கொடுக்கிற பணத்தில் 10 கிராம் துண்டு ஒன்று கிடைக்காது. அதனால் போலி செய்கிறவருக்கும் பெரிய துண்டில்தான் லாபம். உருட்டாத, மூலைமுடுக்கான சிறு மணிகளில் ஏமாற்று குறைவு, ஒவ்வொன்றின் நிறமும் கொஞ்சம் மாறி இருக்கும், வெள்ளிக் கம்பியோடு சேர்த்துக் கட்டினால் அதுவே அழகு.

கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கு கையில் இருந்தால் அதையும் அடித்துப் பாருங்கள். பால்டிக் அம்பர் நீலம் கலந்த வெளிர் ஒளி விடும், புதிதாக உடைந்த முகத்தில் இன்னும் பளிச்சென்று. இது கூடுதல் சாட்சி மட்டும்தான், தனியாக இதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். உள்ளே தட்டுத் தட்டாக மின்னும் வட்ட வெடிப்புகள் சூடேற்றியதால் வருபவை. பிளாஸ்டிக்கிலும் அதைப் போலச் செய்கிறார்கள், ஆகவே அது இரண்டு பக்கமும் சாட்சி இல்லை. பச்சை அம்பர் பெரும்பாலும் சூட்டில் பதப்படுத்தி, பின்புறம் கறுப்பாக்கியது. நடுவில் கால் விரித்துப் படுத்திருக்கும் முழுத் தேளைப் பார்த்தால் கையைக் கட்டிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள், அது அநேகமாகப் போலி.

பர்மா அம்பர் நான் கையாண்டது கொஞ்சமே. காச்சின் மாநிலத்து ஹுகாங் பள்ளத்தாக்கில் கிடைப்பது, வயது 9.9 கோடி ஆண்டு, பால்டிக்கைவிடச் சற்றுக் கடினம். அந்தச் சுரங்கப் பகுதியில் நடக்கும் ஆயுதச் சண்டையை நினைத்தால் எனக்கு அதில் கை நீளவில்லை. உழைப்பில் அது பால்டிக்கை மிஞ்சுமா என்று சொல்லுமளவு நான் அதைப் புழங்கவில்லை.

பல் முளைக்கிற குழந்தைக்கு அம்பர் மாலை கேட்டு வருகிறவர்களும் உண்டு, வசம்பு வளையல் மாதிரி நினைத்துக்கொண்டு. அதை மட்டும் செய்து தருவதில்லை. மணி தொண்டையில் சிக்கவும் நூல் கழுத்தை இறுக்கவும் கூடும் என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2018-லேயே எச்சரித்திருக்கிறது.

வாங்கும்போது ரசீதில் ‘அம்பர்’ என்று மட்டும் எழுதினால் ‘இயற்கை’ அல்லது ‘அழுத்தியது’ என்பதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள், எடையோடு. இணையத்தில் என்றால் துளையை அருகில் எடுத்த படமும், தராசில் வைத்த படமும் கேட்கலாம். உண்மையான சரக்கு வைத்திருப்பவர் அனுப்பிவிடுவார். ‘கொலம்பிய அம்பர்’, ‘அம்பர் ரெசின்’ என்றெல்லாம் போட்டிருந்தால் முதலாவது அநேகமாகக் கோபல், இரண்டாவது அநேகமாகப் பிளாஸ்டிக்.