அம்மா, அத்தையோடு பார்த்த 'ஈவ்னிங் ஷேடோஸ்'

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஸ்ரீதர் ரங்கயன் இயக்கிய இந்தப் படத்தைப் பிள்ளைகளைவிடப் பெற்றவர்கள்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டும். கும்பகோணத்தில் எங்கள் வீட்டு டிவியில் அம்மா, அத்தை இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பார்த்தேன்.

கதை சின்னது. மும்பையில் இருக்கும் கார்த்திக் ஊருக்கு வருகிறான், வீட்டில் கல்யாணப் பேச்சு ஓடுகிறது, தான் தன்பாலீர்ப்பு உள்ளவன் என்று அம்மாவிடம் சொல்லிவிடுகிறான். அதற்கப்புறம் இது முழுக்க அந்த அம்மாவின் படம். புருஷன் சொல்தான் சட்டம் என்று இருக்கும் வீட்டில், மகன் சொன்னதை யாரிடமும் இறக்கி வைக்க முடியாமல், அவன்மேல் இருக்கும் பாசத்தையும் விட முடியாமல் அவள் படுகிற பாட்டை மோனா அம்பேகாவ்கர் முகத்திலேயே காட்டிவிடுகிறார். அத்தை பாதியிலேயே, "பாவம்டி, அவ யாருகிட்டப் போய்ச் சொல்லுவா" என்றாள். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும்.

அம்மா கேட்டது வேறு: "இதுக்கு டாக்டர்கிட்ட காட்ட மாட்டாங்களா?" நம் பக்கத்தில் பையன் கல்யாணம் வேண்டாம் என்றால் உடனே திருமணஞ்சேரிக்கு மாலை சாத்தக் கூட்டிப் போவோம், அதுவும் நடக்கவில்லை என்றால் டாக்டர். இது நோயே இல்லை, 'குணப்படுத்துகிறேன்' என்று யாரும் மருத்துவம் பார்க்கக் கூடாது என்று 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் உத்தரவு போட்டதை எடுத்துச் சொன்னேன். கோர்ட்டே சொல்லியிருக்கா என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

ரங்கயன் கர்நாடகத்து மண்டியாவில் பிறந்தவர். படம் எடுத்த ஸ்ரீரங்கப்பட்டணமும் அந்தப் பக்கம்தான், ரங்கநாதர் கோயில் இருக்கிற ஆதிரங்கம் அதுதான் என்றதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவருடைய முந்தைய படமான 'குலாபி ஆயினா'வுக்கு 2003இல் தணிக்கைச் சான்றிதழ் கிடைக்கவில்லை. மனிதர் அதோடு ஓய்ந்துவிடவில்லை. மும்பையில் 2010இலிருந்து தன்பாலீர்ப்பு உள்ளவர்கள், திருநர்கள் பற்றிய படங்களுக்கான 'கஷிஷ்' திரைப்பட விழாவை நடத்திவருகிறார், தன்பாலுறவைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டம் 377ஆம் பிரிவால் அவதிப்பட்டவர்களைப் பற்றி 'பிரேக்கிங் ஃப்ரீ' ஆவணப்படம் எடுத்தார், அதன் படத்தொகுப்புக்குத் தேசிய விருது கிடைத்தது. இத்தனை வருஷம் இவர்களோடும் இவர்கள் வீடுகளோடும் பழகியவர் என்பதால்தான் அந்த அம்மாவை வில்லியாகவும் காட்டவில்லை, தெய்வமாகவும் தூக்கி வைக்கவில்லை என்று நினைக்கிறேன். படம் வந்த 2018இல்தான், செப்டம்பர் 6 அன்று, உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவின் பிடியிலிருந்து இவர்களை விடுவித்தது.

குறைகளும் உண்டு. தென்னாட்டு வீட்டுக் கதையை இந்தியில் பேசுவது காதுக்கு ஒட்டவே இல்லை. சில வசனங்கள் மேடைப் பேச்சு போல இருக்கின்றன. அனந்த் மகாதேவன் நல்ல நடிகர், ஆனால் அந்த அப்பாவுக்குக் கோபத்தைத் தவிர எழுத்தில் அதிகம் கொடுக்கவில்லை, அவர் பயத்தையும் கொஞ்சம் காட்டியிருக்கலாம். பொதுமக்களிடம் பணம் திரட்டி எடுத்த படம், பணத் தட்டுப்பாடு திரையில் தெரிகிறது, அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

இந்தி தெரியாதவர்களோடு பார்த்தால் ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள், நிறுத்தி நிறுத்தி அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கும். அப்படி நிறுத்தும்போதுதான் எங்கள் வீட்டில் பேச்சே வந்தது. இதற்குத் தமிழில் குரல் கொடுத்து ஒரு பதிப்பு வர வேண்டும். வந்தால் எங்கள் தெருவில் கல்யாண வயதுப் பிள்ளை இருக்கிற வீடு ஒன்று விடாமல் போய் நானே பார்க்கச் சொல்வேன்.